நாடாளுமன்றம் பெரிதா, நீதிமன்றம் பெரிதா? ஓர் எளிய விளக்கம்

நாடாளுமன்றம் போட்ட ஒரு சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தால் போதும், எந்த நாடாக இருந்தாலும் அன்று மாலை ஒரே வாக்குவாதம்தான். "மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் கொண்டுவந்த சட்டம். ஒரு ஓட்டுகூட வாங்காத நாலு நீதிபதிகள் அதை எப்படி ரத்து செய்யலாம்?" என்பது ஒரு கட்சி. "நீதிமன்றம்தான் எல்லாவற்றுக்கும் மேல், அது சொன்னால் சொன்னதுதான்" என்பது எதிர்க்கட்சி. இரண்டு தரப்பும் ஒரே தவறைச் செய்கின்றன. மேலே யாராவது ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும், அது யார் என்பதில்தான் சண்டை என்று இருவருமே நினைத்துக்கொள்கிறார்கள்.

எழுதிவைத்த அரசியலமைப்பு உள்ள பெரும்பாலான நாடுகளில் அந்த இடத்தில் ஆளே கிடையாது. ஓர் ஆவணம்தான் இருக்கிறது. இதற்குப் பெயர் அரசியலமைப்பின் மேலாண்மை. இதோடு சேர்த்துப் பேசப்படுவது அதிகாரப் பிரிவினை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதையே வலுவேறாக்கம் என்பார்கள், அழகான சொல். இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படித்து மனப்பாடம் செய்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது என்பது என் எண்ணம். ஒன்று இல்லாமல் மற்றது ஓடாது.

## சங்கத்தை வைத்துப் பார்த்தால்

ஒரு குடியிருப்போர் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். இருநூறு குடும்பங்கள். தொடங்கும்போதே எல்லாரும் உட்கார்ந்து பேசி, சங்க விதிகள் என்று ஒரு சிறு புத்தகம் போட்டிருக்கிறார்கள். செயற்குழுவை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்க வேண்டும், சந்தாவை உயர்த்தப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும், எந்த உறுப்பினரின் ஓட்டையும் பறிக்கக் கூடாது என்று இருபது முப்பது விதிகள்.

ஒருநாள் செயற்குழு கூடி, சந்தா பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அடுத்த தேர்தலில் ஓட்டு கிடையாது என்று ஒருமனதாகத் தீர்மானம் போடுகிறது. பாக்கி வைத்தவர்கள் மேல் யாருக்கும் பரிவு இல்லை, கைத்தட்டல்கூட விழுகிறது. கடைசி வரிசையில் இருந்து ஒருவர் எழுந்து, "ஏழாம் விதியைப் படித்தீர்களா?" என்று கேட்கிறார். தீர்மானம் அங்கேயே படுத்துவிட்டது.

அவர் செயற்குழுவைவிடப் பெரியவரா? இல்லை. அவர் புத்தகத்தைக் காட்டினார், அவ்வளவுதான். செயற்குழு ஏன் அதற்குப் பணிய வேண்டும் என்றால், அந்தப் பத்துப் பேரைச் செயற்குழு ஆக்கியதே அந்தப் புத்தகம்தான். எங்களைத் தேர்ந்தெடுத்த விதி செல்லும், எங்களைக் கட்டுப்படுத்தும் விதி செல்லாது என்று அவர்கள் சொன்னால், உட்கார்ந்த கிளையை வெட்டுகிற கதைதான்.

அதே சங்கத்தில் இன்னொரு நிலைமையை யோசித்துப் பாருங்கள். எவ்வளவு செலவழிக்கலாம் என்பதைப் பொருளாளரே முடிவு செய்கிறார், அவரே செலவழிக்கிறார், அவரே கணக்கைத் தணிக்கை செய்கிறார், புகார் வந்தால் அவரே விசாரிக்கிறார். அவர் உத்தமராகவே இருக்கலாம். ஆனால் அவர் உத்தமர்தானா என்று தெரிந்துகொள்ளும் வழியை அந்த ஏற்பாடே அடைத்துவிட்டது.

அரசும் இப்படிப்பட்ட ஓர் ஏற்பாடுதான். ஒரே ஒரு வேறுபாடு: சங்கம் பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம், அரசிடமிருந்து அப்படி விலக முடியாது. அதனிடம் வரி, காவல்துறை, சிறை, ராணுவம் எல்லாம் இருக்கின்றன. அதனால் விதிப் புத்தகமும் வேலைப் பிரிப்பும் சங்கத்தில் இருப்பதைவிட அங்கே பல மடங்கு கறாராக இருக்க வேண்டியிருக்கிறது.

## சட்டங்களுக்கு மேல் ஒரு சட்டம்

அரசியலமைப்பு என்பது அரசை உருவாக்கி, அதன் உறுப்புகளுக்கு இன்னின்ன அதிகாரம் என்று அளந்து கொடுத்து, குடிமக்களிடம் எதைச் செய்யக் கூடாது என்றும் எழுதிவைத்திருக்கும் அடிப்படைச் சட்டம். நாடாளுமன்றம் அன்றாடம் போடும் சட்டங்கள் சாதாரணச் சட்டங்கள். இரண்டும் மோதினால் சாதாரணச் சட்டம்தான் தோற்கும். அரசியலமைப்பின் மேலாண்மை என்றால் இவ்வளவுதான்.

சில நாடுகள் இதை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் 1996-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 2-ஆம் பிரிவு, இதுவே நாட்டின் மிக உயர்ந்த சட்டம், இதற்கு முரணான சட்டமோ செயலோ செல்லாது என்கிறது. இந்திய அரசியலமைப்பின் 13-ஆம் பிரிவு, அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் அந்த முரண்பாட்டின் அளவுக்குச் செல்லாது என்கிறது. அந்த "அளவுக்கு" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு சட்டத்தில் ஒரு வரி மட்டும் முரணாக இருந்து, அதைத் தனியே பிரிக்க முடிந்தால், அந்த வரி மட்டும் போகும்; மற்றது நிற்கும்.

சரி, முரண்பாடு இருக்கிறதா இல்லையா என்று யார் சொல்வது? இந்தக் கேள்விக்குப் புகழ்பெற்ற பதில் ஒரு சில்லறை வேலைத் தகராறில் இருந்து வந்தது.

1800 தேர்தலில் அமெரிக்க அதிபர் ஜான் ஆடம்ஸ் தோற்றார். பதவியை விட்டு இறங்குவதற்கு முந்தைய நாட்களில் தன் கட்சிக்காரர்கள் பலரை நீதிபதிகளாக நியமித்தார். வில்லியம் மார்பரி என்பவருக்கும் தலைநகரில் ஒரு சிறிய நீதிபதிப் பதவி. நியமன ஆணையில் கையெழுத்து விழுந்தது, முத்திரையும் விழுந்தது. கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. புதிய அதிபர் ஜெபர்சனின் ஆட்சியில் வெளியுறவுச் செயலராக வந்த ஜேம்ஸ் மேடிசன் அதைத் தர மறுத்தார். மார்பரி நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அப்படி நேரடியாக வந்து உத்தரவு கேட்கலாம் என்று 1789-இல் நாடாளுமன்றம் போட்ட ஒரு சட்டம் சொல்லியிருந்தது.

தலைமை நீதிபதி ஜான் மார்ஷலுக்கு இது தர்மசங்கடம். ஆணையைக் கொடு என்று உத்தரவிட்டால் ஜெபர்சன் மதிக்கமாட்டார். நீதிமன்றத்தின் மானம் போகும். கொடுக்க வேண்டாம் என்றால் பயந்துவிட்டதாகப் பேச்சு வரும். (அந்த ஆணையைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டிய பழைய வெளியுறவுச் செயலரே இந்த மார்ஷல்தான். இன்றைக்கு என்றால் அந்த வழக்கை அவர் விசாரிக்கவே விட்டிருக்கமாட்டார்கள்.) 1803-இல் அவர் சொன்ன தீர்ப்பு இது: மார்பரிக்கு அந்த ஆணையைப் பெறும் உரிமை உண்டு. ஆனால் உச்ச நீதிமன்றத்தில் நேரடியாகத் தொடுக்கக் கூடிய வழக்குகள் எவை என்று அரசியலமைப்பு வரையறுத்திருக்கிறது, இது அதில் இல்லை. அந்தப் பட்டியலைச் சாதாரணச் சட்டத்தால் நீட்ட முடியாது. ஆகவே 1789 சட்டத்தின் அந்தப் பிரிவு செல்லாது.

தனக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்த சட்டத்தையே நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அப்படித் தள்ளும்போதே, சட்டத்தை அரசியலமைப்போடு ஒப்பிட்டுச் செல்லாது என்று சொல்லும் வேலை நீதிமன்றத்துடையது என்று நிலைநாட்டிக்கொண்டது. இந்த வேலைக்கு நீதிப்புனராய்வு என்று பெயர். அமெரிக்க அரசியலமைப்பில் இந்த அதிகாரம் நேரடியாக எந்த வரியிலும் எழுதப்படவில்லை. எழுதிவைத்த வரம்பு என்று ஒன்று இருந்து, அதைத் தாண்டியவரே தாண்டவில்லை என்று சொல்லிக்கொள்ள முடியுமானால் வரம்பு எதற்கு என்ற வாதத்தில் இருந்து வந்த அதிகாரம் அது.

உலகம் முழுக்க இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனில் ஒரே ஆவணமாக எழுதப்பட்ட அரசியலமைப்பு கிடையாது. நாடாளுமன்றமே மேலானது என்பது அங்கே பழைய கொள்கை. 1998-ஆம் ஆண்டின் மனித உரிமைச் சட்டப்படி, ஒரு சட்டம் மனித உரிமைகளோடு ஒத்துப்போகவில்லை என்று பிரிட்டிஷ் உயர் நீதிமன்றங்கள் அறிவிக்கலாம். ஆனால் அறிவித்த பிறகும் அந்தச் சட்டம் உயிரோடுதான் இருக்கும். மாற்றுவதா வேண்டாமா என்பது நாடாளுமன்றத்தின் விருப்பம். ஆக, "நாடாளுமன்றம்தான் மேல்" என்று சொல்பவர்கள் கற்பனையாக எதையும் சொல்லவில்லை. அவர்கள் சொல்வது பிரிட்டனுக்குப் பொருந்தும். எழுதிய அரசியலமைப்பை மேலே வைத்த நாட்டுக்குப் பொருந்தாது.

இதுவரை பார்த்தது: எல்லா அதிகாரமும் ஓர் ஆவணத்தில் இருந்து வருகிறது, அதனால் எந்த அதிகாரமும் அதை மீற முடியாது. மீறல் நடந்ததா என்று பார்ப்பது நீதிப்புனராய்வு.

## மூன்று வேலை, மூன்று கை

அதிகாரப் பிரிவினைக்கு வருவோம். ஒரு சாலையில் வேக வரம்பு வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வேக வரம்பை மீறினால் அபராதம் என்று எல்லாருக்கும் பொதுவாக விதி போடுவது ஒரு வேலை. சாலையில் நின்று, மீறியதாகத் தெரிந்த வண்டியை நிறுத்தி வழக்குப் போடுவது இரண்டாவது வேலை. "நான் அந்த வேகத்தில் போகவே இல்லை" என்று ஓட்டியவர் சொன்னால், இரண்டு பக்கமும் கேட்டு முடிவு சொல்வது மூன்றாவது வேலை.

முதலாவதைச் செய்வது சட்டமியற்றும் துறை, அதாவது நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும். இரண்டாவது நிர்வாகத் துறை: அமைச்சரவை, அதிகாரிகள், காவல்துறை எல்லாம் இதில் அடங்கும். மூன்றாவது நீதித்துறை.

மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன ஆகும்? உங்களை நிறுத்திய காவலரே, அந்த இடத்திலேயே, வேக வரம்பைக் குறைத்து எழுதி, நீங்கள் மீறிவிட்டீர்கள் என்று தீர்ப்பும் சொல்லிவிடலாம். தேர்வு எழுதியவரே கேள்வித்தாளையும் தயாரித்து விடைத்தாளையும் திருத்துவதைப் போன்றது இது. அவருக்கு நூற்றுக்கு நூறு கிடைக்கும். அந்த நூற்றை நம்ப ஆள் கிடைக்காது. பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூ 1748-இல் வெளியான தன் நூலில் இதைத்தான் வலியுறுத்தினார்: இந்த மூன்றும் ஒரே கையில் சேர்ந்தால் சுதந்திரம் இருக்காது. 1787-இல் அமெரிக்க அரசியலமைப்பை எழுதியவர்கள் அவரைக் கரைத்துக் குடித்தவர்கள். அந்த அரசியலமைப்பின் முதல் பகுதி நாடாளுமன்றம், இரண்டாவது அதிபர், மூன்றாவது நீதிமன்றம் என்று வரிசையாகவே இருக்கும்.

எல்லை எப்படிக் கரையும் என்பதற்கு இந்தியாவில் ஒரு பாடம் உண்டு. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ கூடியிராத நேரத்தில் அவசரத் தேவை வந்தால், நிர்வாகத் துறை அவசரச் சட்டம் கொண்டுவரலாம். அவை மீண்டும் கூடி ஆறு வாரம் முடிந்தால், அவை அதை ஏற்றுச் சட்டமாக்காத பட்சத்தில், அது தானாகக் காலாவதியாகிவிடும். அதாவது சட்டம் போடும் வேலை சில வாரங்களுக்குக் கைமாற்றாகக் கொடுக்கப்படுகிறது. பீகாரில் என்ன செய்தார்கள் என்றால், 1967-க்கும் 1981-க்கும் இடையே 256 அவசரச் சட்டங்களைப் பிறப்பித்து, காலாவதியாகும் நேரம் வந்ததும் பலவற்றை மறுபடி மறுபடி பிறப்பித்தார்கள். சில ஏறக்குறைய 14 ஆண்டுகள் அப்படியே ஓடின. சட்டமன்றம் இருந்தது, உறுப்பினர்கள் இருந்தார்கள், சட்டம் மட்டும் வேறு இடத்தில் தயாரானது. இது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. யாரும் சட்டமன்றத்தை இழுத்துப் பூட்டவில்லை, ஆட்சிக் கவிழ்ப்பு எதுவும் நடக்கவில்லை என்பதைப் பாருங்கள். கைமாற்று வாங்கியதைத் திருப்பித் தராமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

## பிரித்தார்கள், சுவர் எழுப்பவில்லை

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அதிகாரப் பிரிவினை என்றால் மூன்று துறைகளும் மூன்று தீவுகள், ஒன்றின் வேலையில் இன்னொன்று மூக்கை நுழைக்கவே கூடாது என்று எண்ணுகிறார்கள். அப்புறம் அதிபர் ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்பினாலோ, நாடாளுமன்றக் குழு ஓர் அதிகாரியைக் கூப்பிட்டு விசாரித்தாலோ, "பிரிவினை மீறப்பட்டது" என்று கூச்சல்.

வங்கி லாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஒரு சாவி, வங்கியிடம் ஒரு சாவி. இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். சாவிகளைப் பிரித்துக் கொடுத்த நோக்கமே, ஒருவரால் மட்டும் திறக்க முடியாமல் செய்வது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தால் பெட்டி திறக்கவே திறக்காது.

அரசிலும் அப்படியே. அமெரிக்காவில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் வீட்டோ செய்து திருப்பி அனுப்பலாம். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் அந்த வீட்டோவையும் தாண்டிச் சட்டமாக்கலாம். உச்ச நீதிமன்ற நீதிபதியை அதிபர் முன்மொழிகிறார். செனட் சபை ஏற்றால்தான் அவர் நீதிபதி. இப்படி ஒருவர் சாவி இல்லாமல் மற்றவர் வேலை முடியாதபடி செய்திருக்கும் அமைப்பைத் தடைகளும் சமன்களும் என்பார்கள்.

நாடாளுமன்ற ஆட்சிமுறையில் கோடு இன்னும் மங்கலாக இருக்கும். பிரிட்டனிலும் இந்தியாவிலும் அமைச்சர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருப்பவர்கள். இந்தியாவில் உறுப்பினர் அல்லாதவர் அமைச்சரானால், ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகாவிட்டால் பதவி போய்விடும். அமெரிக்காவில் நேர் எதிர். நாடாளுமன்ற உறுப்பினர் அமைச்சராக வேண்டும் என்றால் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இந்திய அரசியலமைப்பு கறாரான பிரிவினையை ஏற்கவில்லை, ஆனால் ஒரு துறை அடிப்படையில் இன்னொரு துறைக்கு உரிய வேலையை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 1955-லேயே உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. நாடாளுமன்ற ஆட்சிமுறையின் பலவீனமும் இதிலேயே இருக்கிறது: ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருக்கும்வரை நிர்வாகத்தைக் கண்காணிக்க வேண்டிய அவை நிர்வாகத்தின் பேச்சைத்தான் கேட்கும். அதனால் அந்த நாடுகளில் நீதித்துறை தனியாக நிற்பது கூடுதல் முக்கியம் ஆகிறது.

பிரிட்டனில் 2019-இல் நடந்தது இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. பிரதமர் போரிஸ் ஜான்சனின் ஆலோசனைப்படி நாடாளுமன்றக் கூட்டத்தொடர் ஐந்து வாரத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது. அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். நாடாளுமன்றத்தை மேலே வைத்திருக்கும் நாட்டில் நீதிமன்றம் நாடாளுமன்றத்தோடு மோதவில்லை. நாடாளுமன்றத்தின் வேலையை நிர்வாகம் தடுத்தபோது, நாடாளுமன்றத்துக்காக நின்றது.

மத்திய அரசு, மாநில அரசு என்று அதிகாரத்தைப் பிரிப்பது கூட்டாட்சி. அது வேறு விஷயம். அது மேலிருந்து கீழாகப் பிரிப்பது, இது ஒரே மட்டத்தில் பக்கவாட்டில் பிரிப்பது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சுருக்கமாக: வேலைகள் மூன்றாகப் பிரிந்திருக்கின்றன, ஆனால் எந்த ஒரு துறையும் ஒரு காரியத்தைத் தானாகத் தொடங்கித் தானாகவே முடித்துவிட முடியாதபடி பிணைக்கப்பட்டும் இருக்கின்றன.

## அப்படியானால் நீதிமன்றம்தானே கடைசி வார்த்தை?

நியாயமான சந்தேகம். ஆவணம் பேசாது, அதைப் படித்துப் பொருள் சொல்பவர்தான் பேசுவார். அவர் சொல்வதுதான் பொருள் என்றால், நடைமுறையில் அவர்தானே மேல்?

முதலில், நீதிமன்றத்துக்குத் தானாகப் போய்ச் சட்டம் போடும் கை கிடையாது. பெரும்பாலும் யாராவது வழக்கோடு வந்தால்தான் வாய் திறக்கும். அதனிடம் வாளும் இல்லை, பணப்பையும் இல்லை என்று அமெரிக்க அரசியலமைப்புக்காக வாதாடிய அலெக்சாண்டர் ஹாமில்டன் 1788-இலேயே எழுதினார். தீர்ப்பைச் செயல்படுத்த வேண்டியதும் நிர்வாகத் துறையின் ஆட்கள்தான்.

இரண்டாவது காரணம் இதைவிட வலுவானது. நீதிமன்றம் சொன்ன பொருள் பிடிக்கவில்லை என்றால், ஆவணத்தையே திருத்தலாம்.

1951-இல் இந்தியாவில் இது நடந்தது. மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி அரசாணை, செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போய்ச் செல்லாமல் போனது. அரசியலமைப்பில் அப்போது இருந்த வரிகளின்படி அதுதான் தீர்ப்பு. மாநிலத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. இரண்டே மாதத்தில், அதே ஆண்டு ஜூனில், நாடாளுமன்றம் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து 15-ஆம் பிரிவில் நான்காவது உட்பிரிவைச் சேர்த்தது; சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்று அது சொல்கிறது. நீதிமன்றத்தை யாரும் மீறவில்லை. நீதிமன்றம் எந்த வரியைக் காட்டியதோ அந்த வரிக்கு விலக்காக ஒரு புது வரி எழுதப்பட்டது.

அமெரிக்காவில் இதே வேலை எவ்வளவு கொடுமையான விலையில் நடந்தது என்றும் பார்க்கலாம். மார்பரி வழக்குக்குப் பிறகு 54 ஆண்டுகள் கழித்து, 1857-இல்தான் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு கூட்டாட்சிச் சட்டத்தைச் செல்லாது என்றது. அது டிரெட் ஸ்காட் வழக்கு. கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று சொன்ன தீர்ப்பு. நீதிமன்றம் என்றாலே நியாயத்தின் பக்கம் நிற்கும் என்று நம்புபவர்கள் இதைப் படிக்க வேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்து, 1865-இல் அடிமைமுறையை ஒழித்த 13-ஆவது திருத்தமும், 1868-இல் குடியுரிமையை உறுதிசெய்த 14-ஆவது திருத்தமும் வந்த பிறகே அந்தத் தீர்ப்பு செத்தது.

திருத்தம் என்பது வேண்டுமென்றே கடினமாக்கப்பட்ட வழி. சாதாரணச் சட்டத்துக்கு அன்று அவைக்கு வந்தவர்களில் பெரும்பான்மை போதும். இந்தியாவில் அரசியலமைப்பைத் திருத்த, ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். சில பிரிவுகளுக்கு மாநிலச் சட்டமன்றங்களில் பாதியாவது ஏற்கவும் வேண்டும். அமெரிக்காவில் நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஏற்க வேண்டும். அங்கே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் 27 திருத்தங்கள்தான்; இந்தியாவில் 2023-க்குள் 106.

## திருத்தவே கூடாத வரிகள் உண்டா?

சரி, அந்தப் பெரிய பெரும்பான்மை இருந்தால் எதையும் திருத்தலாமா? அரசியலமைப்பையே காலி செய்வது போலத் திருத்தினால்?

1933 மார்ச்சில் ஜெர்மனியில் ஹிட்லரின் அரசு ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. நாடாளுமன்றம் இல்லாமல் அமைச்சரவையே சட்டம் போடலாம், அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு மாறாகவும் இருக்கலாம் என்றது அது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அவைக்கு வரவே முடியாத நிலையில், 444-க்கு 94 என்ற வாக்கில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டி நிறைவேறியது. மிரட்டலுக்கு நடுவே என்றாலும், காகிதத்தில் நடைமுறை எல்லாம் சரி. இந்தக் கட்டுரையில் பேசிய இரண்டு கொள்கைகளும் ஒரே சட்டத்தில், ஒரே நாளில் போயின.

போருக்குப் பிறகு 1949-இல் எழுதிய புதிய அடிப்படைச் சட்டத்தில் ஜெர்மானியர்கள் இதற்குப் பூட்டுப் போட்டார்கள். மனித மாண்பு, ஜனநாயகம், கூட்டாட்சி ஆகியவற்றின் அடிப்படைகளை எந்தத் திருத்தத்தாலும் தொட முடியாது என்று 79-ஆம் பிரிவு சொல்கிறது.

இந்தியாவின் அரசியலமைப்பில் அப்படி ஒரு வரி இல்லை. ஆனால் கேரளத்தின் எடநீர் மடத்துத் தலைவர் கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில், 13 நீதிபதிகள் 68 நாள் விசாரித்து, 1973 ஏப்ரல் 24 அன்று 7-க்கு 6 என்ற கணக்கில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: நாடாளுமன்றம் எந்தப் பிரிவையும் திருத்தலாம், ஆனால் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது. மார்பரியைப் போலவே மடத்துத் தலைவருக்கும் கேட்டது கிடைக்கவில்லை, கொள்கைதான் நின்றது. அதிகாரப் பிரிவினையும் அரசியலமைப்பின் மேலாண்மையும் இந்த அடிப்படைக் கட்டமைப்பில் அடங்கும் என்று அந்தத் தீர்ப்பிலேயே தலைமை நீதிபதி சிக்ரி பட்டியலிட்டார். பிரதமரின் தேர்தலை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்று 1975-இல் கொண்டுவந்த 39-ஆவது திருத்தத்தின் பகுதி இந்த அடிப்படையில்தான் அடிபட்டது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திருத்தத்தையே நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்றால், முன்பு சொன்ன "ஆவணத்தைத் திருத்திக்கொள்ளலாம்" என்ற பதில் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. உயர் நீதிபதிகளை நியமிக்க ஆணையம் அமைத்த 99-ஆவது திருத்தத்தை 2015-இல் உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்று ரத்து செய்தபோது, அந்த வாக்குவாதம் சூடாக எழுந்தது. நீதிபதிகளை யார் நியமிப்பது என்பதை நீதிபதிகளே முடிவு செய்தால், தன் விடைத்தாளைத் தானே திருத்துவது ஆகாதா? என் பார்வையில் அடிப்படைக் கட்டமைப்புக் கொள்கை தேவையானது. 1933-ஐப் பார்த்தவர்களுக்கு அதில் சந்தேகம் வராது. ஆனால் அதை நீதித்துறை தன் விஷயத்திலேயே பயன்படுத்தும்போது அதிகாரப் பிரிவினையின் கேள்வி நீதித்துறையைப் பார்த்தும் திரும்பத்தான் செய்யும். கேட்பவரை ஜனநாயக விரோதி என்று ஒதுக்கிவிட முடியாது.

## காகிதத்துக்கு யார் பணிகிறார்கள்

கடைசியாக ஒரு சம்பவம். 1952-இல் கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானார்கள். எஃகு நின்றால் ஆயுதம் நிற்கும் என்று அதிபர் ட்ரூமன் ஏப்ரலில் எஃகு ஆலைகளை அரசின் கைக்கு எடுத்துக்கொள்ள உத்தரவிட்டார். அப்படி எடுத்துக்கொள்ள அவருக்கு எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை. ஆலை முதலாளிகள் வழக்குப் போட்டார்கள்.

ஜூன் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அதிபருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: இது சட்டம் போடுகிற வேலை, நாடாளுமன்றத்துடையது, அதிபருடையது இல்லை. அந்த ஆறு பேரில் இருவர் ட்ரூமனே நியமித்தவர்கள். ராணுவத்தின் தலைமைத் தளபதி அவர். நீதிமன்றத்திடம் ஒரு படைவீரர்கூடக் கிடையாது. போர் வேறு நடந்துகொண்டிருந்தது.

ட்ரூமன் ஆலைகளை உடனே திருப்பிக் கொடுத்தார். அவர் பயந்தபடியே வேலைநிறுத்தம் தொடங்கி ஐம்பது நாட்களுக்கு மேல் நீடித்தது.